இலக்கிடமா, செருகிடமா, புக்கிலா?

அன்புடையீர்,
முதுகலை நுண்ணுயிரியல் பாடக்குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. டிரான்ஸ்போசான் (இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு) டி.என்.ஏ.வில் போய் நுழையும் இடத்துக்குச் "செருகிடம்" என்று போட்டிருக்கிறேன். மறுப்பு உண்டா?
– இரா.

இரா. ஐயா,
செருகிடம் வினைத்தொகை, செருகிய இடமும் அதுவே, செருகப்போகும் இடமும் அதுவே. இங்கே அதுதான் சிக்கல். பாக்டீரியாவின் டிஎன்7 என்ற டிரான்ஸ்போசான் இலக்கின் இரு இழைகளையும் நேருக்கு நேர் வெட்டுவதில்லை, 5 காரம் (டி.என்.ஏ.வின் எழுத்து) தள்ளி வெட்டுகிறது. நுழைந்தபின் செல்லின் நொதிகள் இடைவெளியை நிரப்பும்போது அந்த 5 கார இணை இருபுறமும் ஒவ்வொரு படியாக (நகலாக) நிற்கும். டிஎன்5, டிஎன்10 என்ற டிரான்ஸ்போசான்கள் என்றால் 9. இந்த வேறுபாடு புரியாத மாணவர் ஒரு படியை டிரான்ஸ்போசானோடு சேர்த்து எண்ணி எல்லையைத் தவறாகக் குறிப்பார். நுழையுமுன் உள்ள இடத்துக்கு இலக்கிடம், நுழைந்தபின் உள்ள இடத்துக்குச் செருகிடம் என்று பிரித்துவிடுங்கள்.
– மு.

இலக்கு என்பது அம்பெய்பவன் வைக்கும் குறி. குடியேறும் ஒன்றுக்கு அது எப்படிப் பொருந்தும்? புகு, புக்கு, புகல், புகலிடம் என்று ஒரு சொற்குடும்பமே நம்மிடம் இருக்கிறது. குறள் 340-ஐப் பாருங்கள்: புக்கில் நிலையான வீடு, துச்சில் ஒண்டுக்குடித்தனம். டிஎன்7-க்கும் இரண்டு வழிதான். அதன் டிஎன்எஸ்டி புரதம் வழிகாட்டினால், ஜிஎல்எம்எஸ் மரபணுவின் கடைசிப் பகுதியை அடையாளம் கண்டு, அதைத் தாண்டிச் சுமார் 25 கார இணை தள்ளி நுழையும். மரபணு கெடாது, செல்சுவருக்கு வேண்டிய மரபணு என்பதால் அது எளிதில் மாறவும் மாறாது. டிஎன்எஸ்இ என்ற இன்னொரு புரதம் வழிகாட்டினால், செல் விட்டுச் செல் போகும் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள தனி டி.என்.ஏ.) ஏறிக்கொள்ளும். முன்னது புக்கில், பின்னது துச்சில். இதைவிட நல்ல இணை கிடைக்குமா?
– த.

அழகுதான் ஐயா, ஆனால் டிஎன்7-ஐத் தாண்டினால் நிற்காது. மரைனர் என்ற டிரான்ஸ்போசான் வகைக்குத் தைமின்-அடினின் என்ற இரண்டெழுத்து போதும். மரபுத்தொகுதி முழுக்க அது கொட்டிக் கிடக்கிறது. அதில் எது புக்கில், எது துச்சில்? தேர்வறையில் பிள்ளைகள் குறளுரையா தேடுவார்கள்?

எனக்கு உறுத்துவது, குறிப்பிட்ட இடங்களில் நுழையும் போக்குக்குப் பாடக்குறிப்பில் போட்டிருக்கும் "இலக்குத்தேர்வு". ஈஸ்ட்டில் தாவும் டிஒய்1 என்ற துண்டு, கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களுக்கு முன்னால் நுழைவதற்குக் காரணம், அதைச் செருகும் இன்டக்ரேஸ் நொதி, அந்த மரபணுக்களைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 3-இன் ஏசி40 துணையலகைப் பிடித்துக்கொள்வது. அந்தப் பிடிப்பைக் கெடுத்தால் டிஒய்1 குரோமோசோம் ஓரங்களுக்குப் போய்விடுகிறது. இழுத்துப் போவது புரதம், தேர்வது யார்? "இலக்குச் சார்பு" என்போம்.
– செ.

சார்பு என்றால் புள்ளியியலில் வேறு பொருள். அதே மாணவர்கள் அந்தத் தாளும் எழுதுகிறார்கள். இயற்கைத் தேர்வு என்கிறோமே, அங்கே யார் உட்கார்ந்து தேர்கிறார்? தேர்வே இருக்கட்டும்.
– மு.

நேரமில்லை. இலக்கிடம், செருகிடம், இலக்குத்தேர்வு மூன்றும் போகின்றன. செ. அவர்களின் மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன்.
– இரா.

புக்கிலை நான் விடவில்லை. அடுத்த பதிப்பில் பேசுவோம். ஆனால் 4ஆம் பக்கத்தை இன்றே திருத்துங்கள். ஒரு டிஎன்7 ஏற்கெனவே இருக்கும் டி.என்.ஏ.விலிருந்து நுழைவதற்கு வேண்டிய டிஎன்எஸ்சி புரதத்தை, டிஎன்7-இன் இன்னொரு புரதமான டிஎன்எஸ்பி விரட்டிவிடுவதால்தான் இன்னொன்று அங்கே நுழைவதில்லை. அதற்கு "இலக்கு நோயெதிர்ப்பு" என்று போட்டிருக்கிறீர்கள். நோய் எங்கிருந்து வந்தது? "இலக்கு விலக்கு" போதும்.
– த.