"விழுந்துட்டேன்" என்று எழுதிய ஏ.ஆர். சீட்டு: முதலில் சமரசமா, பாதுகாப்பு உத்தரவா?

பொருநை:
5-வது தேசிய குடும்ப நல ஆய்வுப்படி (2019-21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுக்க, வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டது 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் யாரிடமும் சொல்லவே இல்லை. அந்த மௌனம் அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டிலேயே (ஏ.ஆர்.) பதிந்துவிடுகிறது. கணவன் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் "படியில விழுந்துட்டேன்" என்றுதான் வரும். விழுந்தவருக்கு உள்ளங்கை, முழங்கால், முழங்கையில் சிராய்ப்பு இருக்கும். அடியைத் தடுத்தவருக்கோ முன்கையின் சுண்டுவிரல் பக்கம் கன்றிப்போயிருக்கும். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடமே இல்லாமலும் போகலாம். குரல் கம்மியிருக்கா, விழுங்க வலிக்குதா என்று கேட்கணும். டாக்டர் கணவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டு, "தெரிந்த நபரால் கையால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்" என்று எழுதினால்தான் பின்னால் வழக்கு நிற்கும்.

வைகைக்கரை:
சீட்டு சரி, அடுத்தது? எஃப்.ஐ.ஆர். போட்டால் மறுநாளே தெருவுக்கே தெரியும். கணவனின் வேலை போனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது? மகளிர் காவல் நிலையத்தில் பெரியவர்களை வைத்துப் பேசி அனுப்புவதைக் கேவலமாகப் பார்க்காதீங்க. மானம் போகாமல் தீர்வு வேணும்னுதான் பல பெண்களே கேட்கிறார்கள்.

பொருநை:
அங்கே என்ன பேசுகிறார்கள், சொல்லுங்க. "நீ எதிர்த்துப் பேசினியாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006 விதிகளில் 14-வது விதிப்படி, நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில் கணவன் தன் அடிக்கு நியாயமே சொல்லக்கூடாது. இனி அடிக்கமாட்டேன் என்று உறுதிமொழியும் தரணும். ஸ்டேஷன் பெஞ்சில் அது கிடையாது. எழுதி வாங்கும் தாளை மீறினாலும் அதற்கென்று தண்டனை இல்லை. அடிக்கக்கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் அந்தச் சட்டத்தின் 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

வைகைக்கரை:
உத்தரவு கையில் வந்தால்தானே! முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயலணும்னு சட்டத்தில் இருக்கு, நடக்கிறதா? இந்தச் சட்டப்படி பெண்ணுக்கு உதவ அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் தலையில் ஏகப்பட்ட வேலை. கணவன் வீடு மாறினால் நோட்டீஸ் திரும்பி வரும். அந்த மாதங்களில் அவள் எங்கே தூங்குவாள்?

சட்டக்கல்:
வைகைக்கரை சொல்கிற தாமதம் உண்மை. அதனாலதான் மனு போடும் அன்றே 23-வது பிரிவில் பிரமாணப் பத்திரமும் சேர்த்துப் போடணும். எதிர்த்தரப்பு வராமலேயே இடைக்கால உத்தரவு தரலாம். இதை விட்டுவிட்டு நிவாரணம் கேட்கும் 12-வது பிரிவு மனுவை மட்டும் போடுவதுதான் பெரிய தவறு. வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் மாதச் செலவையும் அதே மனுவில் கேட்கலாம். இது எஃப்.ஐ.ஆர். இல்லை, கைது இல்லை, அவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார். அம்மா வீட்டில் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். தெருவுக்குத் தெரியுமேன்னு பயந்தால், 16-வது பிரிவில் மூடிய அறை விசாரணை கேட்கலாம். பெண்ணுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

வைகைக்கரை:
மூடிய அறை விசாரணையை ஒப்புக்கொள்கிறேன், அதைப் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. ஆனால் அன்று ராத்திரிக்கு?

சட்டக்கல்:
181, பெண்கள் உதவி எண். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கலாம். கிளம்பும்போது ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஏ.ஆர். நகல். நகைக்காகத் திரும்பிப் போகவேண்டாம், அதை மனுவிலேயே கேட்டு வாங்கலாம்.