புதுப்பிப்பு: முதல் சவரச் சவர்க்காரம், கிளிநொச்சிக் கிணற்றுத் தண்ணீர்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சேஃப்டி றேசரும் பிரஷ்ஷும் கையில் இருக்கிறது, முதல் சவர்க்காரமாக எதை வாங்குவது, எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு எது நுரைக்கும் என்று கேட்டிருந்தேன்.

குச்சி வடிவில் வருவதை எடுக்கச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்டு, துருக்கித் தயாரிப்பான ஆர்கோ சவர்க்காரக் குச்சியை வாங்கினேன். கிண்ணம் தேவையில்லை. நனைத்த தாடியில் நேரே தேய்த்துவிட்டுப் பிரஷ்ஷால் சுழற்றினால் போதும். மணம் கொஞ்சம் கடுமை. எனக்குப் பிடித்தது, வீட்டில் பிடிக்கவில்லை.

ஆனால் விஷயத்தைத் தீர்த்தது தண்ணீர்தான். "எதை வாங்கினாலும் முதல்ல மழைத்தண்ணியில அடிச்சுப் பாருங்கோ" என்று வவுனியா அண்ணை ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சரி. கல்சியமும் மக்னீசியமும் கூடின தண்ணீரில் சவர்க்காரம் கரையாத வெள்ளைப் படிவாகத் திரிந்துவிடும், நுரை பிடிக்காது. கிணற்றுத் தண்ணீரில் ஒரு கன்னம் முடியுமுன்னே வற்றிப்போன நுரை, மழைத்தண்ணீரில் எருமைத் தயிர் மாதிரிக் கெட்டியாக நின்றது. அதே குச்சி, அதே பிரஷ். மழைத்தண்ணீர் இல்லாத நாளில், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் வார்த்து எடுக்கிறேன். அந்தளவு வராது, சமாளிக்கலாம்.

எதிர்பாராதது ஒன்று: பிரஷ் மயிரின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது, வினாகிரி கலந்த தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்ததும் போய்விட்டது. பிரஷ் பன்றிமயிரில் செய்தது, அந்த வாடையும் அதோடு குறைந்தது.

அப்புறம், குச்சியை ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள், குழைந்துவிடும். றேசருக்கு எந்த பிளேட் என்பது இன்னும் முடிவாகவில்லை.