பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை ஒருமுறை அளந்து பாருங்கள்

எம்ஜிபி கார் ஒன்றின் எஞ்சினை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். பி-சீரிஸ், 1798 சிசி, ஐந்து மெயின் பேரிங் (கிராங்க் தண்டு சுழலும் தாங்கி) வைத்தது. பிரித்ததில் பெரிய கதை ஒன்றும் இல்லை. நடுவில் பட்டறையில் நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. இதே வேலையில் இறங்கப்போகும் யாராவது படித்தால் ஒரு பிளாக்காவது தப்பிக்கும்.

என் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் இரும்பு உடல், அதுவரை ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் குடைவது) பார்க்காதது. சிலிண்டரின் கம்பெனி அளவு 80.26 மி.மீ. ரிங் வந்து திரும்பும் மேல்பக்கத்தில் விரலால் தடவினாலே ஒரு படி தட்டுப்பட்டது. சரி, போர் செய்யாமல் ஆகாது என்று 0.030 அங்குல ஓவர்சைஸ், அதாவது 0.76 மி.மீ. கூடுதலான, 81.02 மி.மீ. சிலிண்டருக்கான பிஸ்டன் செட் வாங்கி பிளாக்கோடு சேர்த்துக் கொடுத்தேன். வேலை முடிந்து வந்தபோது ஹோனிங் கோடுகள் (சுவரைத் தேய்த்து முடிக்கும் கல் விடும் கீறல்கள்) குறுக்கும் மறுக்குமாகச் சீராக விழுந்திருந்தன. பார்க்கவே மனசு நிறைந்தது. அன்றைக்கே கோர்க்க ஆரம்பித்திருப்பேன்.

ஆனாலும் பிளாக்கையும் பிஸ்டன்களையும் ஒரு ராத்திரி ஒரே அறையில் வைத்துவிட்டுக் காலையில் அளந்தேன். இதற்குக் காரணம் உண்டு. பிஸ்டனின் அலுமினியம் பிளாக்கின் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 80 மி.மீ. அளவில் 10 டிகிரி சூடு மாறினாலே இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் 0.01 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் அளவை நம்பலாம்.

பிஸ்டனை ஸ்கர்ட்டில் (அதன் கீழ்ப்பக்கச் சுவர்), கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக அளந்தேன்: 80.97. அதே மைக்ரோமீட்டரை வைத்து, உள்விட்டம் அளக்கும் போர் கேஜைச் செட் செய்து முதல் சிலிண்டருக்குள் இறக்கினேன். கேஜை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினால் முள் ஒரு பக்கமாகப் போய், ஒரு கணம் நின்று, திரும்பும். அது திரும்பும் இடம்தான் விட்டம். 81.08 காட்டியது. நான்தான் தப்பாக வைத்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பச் செட் செய்தேன். மறுபடியும் 81.08. சிலிண்டருக்கு மூன்று உயரம், இரண்டு திசை என்று மொத்தம் 24 அளவுகள் எடுத்து எழுதினேன். நான்கு சிலிண்டரிலும் அதே எண். கோணல் இல்லை, மேல்கீழ் வித்தியாசம் இல்லை. கை சுத்தமான வேலை, அளவு மட்டும் தப்பு. பிஸ்டனோடு வந்த தாள் 0.05 இடைவெளி கேட்டது, இருந்ததோ 0.11. அப்படியே கோர்த்திருந்தால் குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் சுவரில் மோதித் தட்டும், ரிங் நேராக உட்காராது, எண்ணெய் குடிக்கும்.

எழுதிய தாளையும் ஒரு பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு போனேன். போர் செய்த பெரியவர், "அளவு சரிதான் தம்பி. 81.02-க்கு மேல 6 பாயிண்ட் (0.06 மி.மீ.) இடைவெளி விட்டுத்தான் போட்டிருக்கேன்" என்றார். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. சிலிண்டரை 81.02-க்குப் போட்டாலே போதும் என்று கணக்குப் பண்ணி, பிஸ்டன் செய்தவர்கள் அந்த இடைவெளியைப் பிஸ்டனிலேயே கழித்திருக்கிறார்கள். இவர் பெட்டியில் போட்டிருந்த ஓவர்சைஸைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை இடைவெளி சேர்த்துவிட்டார். "ஐயா, இந்தப் பிஸ்டனை ஒருமுறை அளந்து பாருங்களேன்" என்று கொடுத்தேன். அளந்தார். துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் என் தாளை வாங்கி முழுக்கப் படித்தார்.

அடுத்த ஓவர்சைஸ் 0.040 அங்குலத்துக்கு, அதாவது 81.28 மி.மீ.-க்கு, கூலி வாங்காமல் போட்டுக் கொடுத்தார். பிஸ்டன் செட் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. அதைவிட எனக்கு வலித்தது வேறு. இந்த பிளாக்கில் வழக்கமாக 0.060 அங்குலத்துடன் நிறுத்திக்கொள்வார்கள், அதற்கு மேல் லைனர்தான் (சிலிண்டருக்குள் செருகும் புது உறை). இத்தனை வருஷம் கெடாமல் இருந்த பிளாக்கின் ஒரு ஆயுளை, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலேயே, ஒரு வாரத்தில் செலவழித்துவிட்டோம். சுரண்டி எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாதே.

---

நீங்கள் கோர்ப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டீர்கள் நண்பரே. நான் பார்க்கவில்லை.

என்னுடையது ஆறு சிலிண்டர் ட்ரையம்ஃப். கிராங்கை 0.010 அங்குலம் கிரைண்டிங் செய்து வாங்கினேன். ஜர்னல் (கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி) அளவு பார்த்தேன், பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் மெல்லிய இழை) வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. பார்க்காமல் விட்டது ஜர்னலின் ஓரம். ஜர்னலும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் ஒரு சிறு வளைவு இருக்க வேண்டும். கிரைண்டிங் கல்லின் ஓரத்தை உருட்டாமல் போட்டால் அந்த வளைவு போய் மூலை கூர்மையாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க் வளைகிற அழுத்தம் முழுவதும் அந்தக் கூர் மூலையில் வந்து குவியும்.

ஓட ஆரம்பித்துச் சில மாதம் கழித்து, மேடு ஏறும்போது ஒரு கனத்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பிரித்துப் பார்த்தால் கிராங்க் இரண்டு துண்டு. உடைந்த முகம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. மூலையிலிருந்து கிளம்பி, அலை வாங்கிய மணலில் விழும் வரிகளைப்போல வளைவு வளைவாக உள்ளே போகும் கோடுகள். விரிசல் நாளுக்கு நாள் வளர்ந்த தடம் அது. கடைசியில் கொஞ்சம் இடம் மட்டும் சொரசொரப்பாக இருக்கிறது. அதுதான் அன்றைக்கு ஒரே அடியில் உடைந்த பகுதி. எண்ணெய்த் துளைகளின் விளிம்பும் கத்திபோல இருந்தது, பேரிங்கில் கோடு கிழித்திருந்தது. ஒரு பஞ்சை எடுத்துத் துளை ஓரத்தில் இழுத்திருந்தால் நார் மாட்டியிருக்கும். அதுகூடச் செய்யவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

---

நான் போரிங் மெஷினில் நிற்கிறவன். இரண்டு பேர் எழுதியதும் உண்மை. மறைக்க ஒன்றுமில்லை, என் கையாலும் இப்படி நடந்திருக்கிறது.

எங்களிடம் வரும் பாதி பிளாக் "ஓவர்சைஸ் போட்டுக் குடுங்க" என்ற ஒரே வார்த்தையோடு வரும். பிஸ்டன் வராது. வார்ப்புப் பிஸ்டனா ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய) பிஸ்டனா என்பதே தெரியாது; இரண்டாவது வகைக்கு இடைவெளி கூடுதலாக வேண்டும். அதனால் பிஸ்டனைக் கையில் கொடுங்கள். வேலை முடிந்தபின் சிலிண்டர் அளவு என்ன வேண்டும் என்று எழுதி, அந்தத் தாளைப் பிளாக்கிலேயே கட்டிவிடுங்கள். மெயின் கேப்களை (மெயின் பேரிங்கின் கீழ்ப்பாதி மூடிகள்) கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். அவை அந்தந்த இடத்திலேயே பிளாக்கோடு சேர்த்துக் குடையப்பட்டவை; இடமோ பக்கமோ மாறினால் கிராங்க் இறுகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பட்டறையில் கழுவித்தான் கொடுப்போம், ஆனால் அதை நம்பிக் கோர்க்காதீர்கள். எண்ணெய் கேலரியின் (பிளாக்குக்குள் எண்ணெய் ஓடும் வழி) முனை அடைப்புகளைக் கழற்றாமல் கழுவினால் உள்ளே போன துருவல் உள்ளேயேதான் இருக்கும். கேம் பேரிங் (கேம் ஷாஃப்ட் சுழலும் தாங்கி) மாற்றியிருந்தால் அதன் துளையும் பிளாக்கின் துளையும் நேராக நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி நுழைந்தால் மட்டும் போதாது, முழு வட்டமும் தெரிய வேண்டும். தப்பு இருந்தால், கோர்ப்பதற்கு முன்னால் எழுதிய அளவோடு வாருங்கள். ஓட்டிப் பார்த்த பிறகு வந்தால் தப்பு யாருடையது என்று எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

---

முதலில் எழுதியவன்தான் திரும்ப எழுதுகிறேன். கேலரி பற்றி நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று அடைப்புகளைக் கழற்றினேன். இரண்டு முறை கழுவிய பிளாக். நீளமான பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துவிட்டு இழுத்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் குழம்பு வந்தது. வெள்ளைத் துணியில் தடவிப் பார்த்தேன், நடுநடுவே இரும்புப் பொடி மின்னியது. அதெல்லாம் நேராகப் புது பேரிங்குக்குத்தான் போயிருக்கும். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை தேய்த்தேன், ஏழு தடவை ஆயிற்று. உடனே காயவைத்து எண்ணெய் தடவிவிட்டேன், இல்லையென்றால் புதிதாகப் போர் போட்ட சிலிண்டர் சுவர் அன்றைக்கே துருப்பிடித்துவிடும்.

கிராங்க் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. நாளைக்கு வாங்கப் போகிறேன். மூலை வளைவைப் பார்க்க டார்ச்சும், எண்ணெய்த் துளைக்குக் கொஞ்சம் பஞ்சும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.