30 சதவீதம் கொடுத்து ஸ்டீமில் விற்பது சரியா?

புலிக்கட்டம் (அல்சூர், பெங்களூரு):
பகலில் ஒயிட்ஃபீல்டில் வேலை. இரவில் உட்கார்ந்து ஆடு புலி ஆட்டத்தைக் கணினிக்கு எழுதி முடித்திருக்கிறேன். 3 புலி, 15 ஆடு, கோயில் கல்லில் கீறி ஆடுவோமே, அதே கட்டம். விலை 199 ரூபாய். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில்தான் போடப்போகிறேன். "உழைப்பு உன்னுடையது, 30 சதவீதம் அவர்களுக்கா?" என்று நண்பர்கள் பலரும் கேட்கிறார்கள். பணம் வாங்குவது, வரி கட்டுவது, புதுப் பதிப்பை எல்லோர் கணினிக்கும் சேர்ப்பது எல்லாம் அவர்கள் தலையில். மிஞ்சும் நேரத்தை நான் நிரலுக்குச் செலவிட வேண்டும்.

சொந்தக்கடை:
தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 199-ல் 18 சதவீத ஜிஎஸ்டி கழித்தால் 169. அதில் 30 சதவீதம் போக 118தான் மிச்சம். சொந்த இணையதளத்தில் விற்றால் பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வேக்கு ஏறத்தாழ 2 சதவீதம், அவ்வளவுதான். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம். 2018-ல் ஸ்டீம் கட்டணத்தைக் குறைத்தது, யாருக்கு? 1 கோடி டாலருக்கு மேல் விற்றால் 25 சதவீதம், 5 கோடி தாண்டினால் 20. நமக்கு அதே 30. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதைவிட முக்கியம், வாங்கியவர் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. மின்னஞ்சல் முகவரி கடைக்காரரிடம் இருக்கும். முன்பு என் செயலியை ஒரு கடை திடீரென நீக்கியது. எத்தனை முறை கேட்டாலும் ஒரே தானியங்கி மடல். வாங்கியவர்களிடம் நடந்ததைச் சொல்லக்கூட வழியில்லை.

வரவுசெலவு:
சார், உள்நாட்டுக் கணக்கு சரி. ஜெர்மனியில் ஒருவர் வாங்கினால்? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அங்குள்ள தனிநபருக்கு மென்பொருள் விற்றால் முதல் விற்பனையிலிருந்தே வாட் வரி உண்டு. நம் 20 லட்சம் மாதிரி விலக்கு கிடையாது. ஒரே நாட்டில் பதிந்துகொண்டு எல்லா நாட்டுக்கும் சேர்த்துக் கட்டலாம், ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். கடை வழியாக விற்றால் அது கடையின் பொறுப்பு.

சொந்தக்கடை:
அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இட்ச்.ஐஓ என்ற இன்னொரு இணைய விளையாட்டுக் கடை இருக்கிறதே. கடைக்கான பங்கை நாமே முடிவு செய்யலாம். மாற்றாவிட்டால் 10 சதவீதம், விரும்பினால் பூஜ்யம்.

புலிக்கட்டம்:
அண்ணா, சிவாஜிநகரில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சோதனைப் பதிப்பை இணைப்பாக அனுப்பினேன். திறந்ததும் விண்டோஸ் நீலப் பெட்டியில் எச்சரித்தது. 'ரன் எனிவே' பொத்தான் 'மோர் இன்ஃபோ'வை அழுத்தினால்தான் வரும். அவர் வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டார். இட்ச் பக்கத்திலிருந்து பிரவுசரில் இறக்கினாலும் இதே கதைதான். மென்பொருளை வெளியிட்டவர் யார் என்று விண்டோஸுக்குக் காட்டும் கையொப்பச் சான்றிதழ் வாங்கலாம், ஆனால் 2023 ஜூனிலிருந்து அதன் ரகசிய மின்சாவியைத் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும், செலவும் ஏறுகிறது. ஸ்டீமில் நிறுவினால் அந்தப் பெட்டியே வராது. என்னிடம் வாங்கப்போவது சித்தப்பா மாதிரி ஆட்கள்தான்.

இரவுநிரல்:
எனக்கு வேறு கவலை. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். உங்கள் ஆட்டத்தில் அதற்குள் பல சுற்று ஆடிவிடலாமே? நுழைவுக் கட்டணம் 100 டாலர் வேறு. 1,000 டாலருக்கு விற்ற பிறகுதான் அது திரும்ப வரும். உள்நாட்டு விலையில் 500 பிரதிக்கு மேல் போக வேண்டும்.

புலிக்கட்டம்:
100 டாலரைப் போனதாகவே வைத்துக்கொண்டேன். பணம் திரும்பக் கேட்பவர்கள் இருப்பார்கள்தான். அதற்காகத்தான் ஆடு பக்கம், புலி பக்கம் என்று தனித்தனிச் சவால் கட்டங்கள் சேர்த்திருக்கிறேன்.

வரவுசெலவு:
ஸ்டீம் கீ, அதாவது ஸ்டீமில் உள்ளிட்டால் ஆட்டத்தைத் திறக்கும் குறியீடு, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவற்றை இலவசமாக எடுத்து நம் தளத்தில் விற்றால் ஸ்டீமுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. ஸ்டீமில் வாங்குபவருக்கும் அதே அளவு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சொந்தக்கடை:
கீயைத் திறக்கவும் அவர்கள் கதவுதானே வேண்டும்? ஸ்டீம் உங்கள் ஆட்டத்தின் பக்கத்தை நீக்கினால் புது விற்பனையும் போச்சு. ஆனாலும் மின்னஞ்சல் முகவரி உங்களிடம் இருக்கும், அதையாவது செய்யுங்கள் தம்பி.

புலிக்கட்டம்:
உள்நாட்டுக்காரர்களுக்குத் தளத்தில் கீ, மற்றவர்களுக்கு நேராக ஸ்டீம். செய்துவிடுகிறேன் அண்ணா. வெளியீட்டுக்கு முன் ஸ்டீமில் 'விரைவில்' என்ற அறிவிப்புப் பக்கம் குறைந்தது 2 வாரம் நிற்க வேண்டும். பொங்கலுக்கு வெளியிட, டிசம்பர் முடிவதற்குள் பக்கத்தைப் போட்டாக வேண்டும். படங்கள் இன்னும் தயாராகவில்லை.