குந்தி உட்கார வராதவனுக்கு ஸ்குவாட் வருமா?

முதுநகர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 41. கடலூர் முதுநகரில் வீடு, மஞ்சக்குப்பத்தில் அலுவலகம், நாள் முழுக்க நாற்காலி. ஐந்து மாதமாக ஜிம் போகிறேன். பெஞ்ச், டெட்லிஃப்ட் எல்லாம் ஓரளவு தேறிவிட்டது. தோளில் பாரை (பளுக்கம்பியை) வைத்துக்கொண்டு குந்தி எழுகிற ஸ்குவாட் மட்டும் வரவில்லை. தொடை தரைக்கு இணையாக வருவதற்கு ஒரு சாண் முன்பே குதிகால் கிளம்பிவிடுகிறது. அதைப் பிடிவாதமாக ஊன்றிக்கொண்டு இறங்கினால் உடம்பு முன்னால் கவிழ்ந்து, சாமி கும்பிடுகிற மாதிரி ஆகிறது. 20 கிலோ வெறும் பாருக்கே இந்த லட்சணம்.

ஜிம்மில் கேட்டால், "முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது சார், நாற்காலியில் உட்காருகிற மாதிரி பின்னால் போங்க" என்கிறார்கள். போனேன். தரையில் போய் உட்கார்ந்தேன்.

என் அம்மாவுக்கு 68 வயது. ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்திலிருந்து சங்கரா வாங்கி வந்தால், பின்கட்டில் குந்தி உட்கார்ந்து ஒன்றரை கிலோவையும் செதில் உரசி ஆய்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். குதிகால் தரையில் பதிந்தபடியே இருக்கும். "இதுக்கா மாசாமாசம் காசு கட்டுற?" என்று கேட்டார். பதில் இல்லை.

இன்னொரு விஷயம். போன வாரம் தேவனாம்பட்டினம் பீச்சில், அலை வந்து போகும் சரிவில் கடலைப் பார்த்து நின்றுகொண்டு சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அடிவரை இறங்கிவிட்டேன்! திரும்பி ரோட்டைப் பார்த்து அதையே செய்தபோது மல்லாந்து விழுந்தேன். என் பெண் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அதே மணல், அதே கால். ஏன் இப்படி?

பழைய இரும்பு (புதுச்சேரி):

தம்பி, விடையைக் கடற்கரையிலேயே கண்டுபிடித்துவிட்டு இங்கே வந்து கேட்கிறீர்கள். கடலைப் பார்த்து நின்றால் சரிவு முன்பக்கம் இறங்குகிறது, குதிகால் மேட்டில் இருக்கிறது. ரோட்டைப் பார்த்தால் குதிகால் பள்ளத்தில். குதிகால் உயர்ந்ததும் அடிவரை போக முடிகிறது என்றால் தொடையில் பலம் இருக்கிறது, இடுப்பும் மடங்குகிறது. மடங்காதது கணுக்கால்.

ஸ்குவாட்டில் பார் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். இறங்கும்போது கெண்டைக்கால் முன்னால் சாய்ந்து கொடுத்தால்தான் உடம்பு ஓரளவு நிமிர்ந்திருக்கும். கணுக்கால் இறுகியிருந்தால் கெண்டைக்கால் சாயாது, இடுப்பு பின்னால் போகும், அதை ஈடுகட்ட மார்பு முன்னால் கவிழும். இல்லாவிட்டால் குதிகால் தூக்கும். உங்களுக்கு இரண்டும் நடக்கிறது. பளுதூக்குபவர்களின் ஷூவில் குதிகால் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கெட்டியான கட்டை இருப்பது இதற்காகத்தான். எங்கள் காலத்தில் அந்த ஷூவுக்கு ஏது காசு. செருப்பு தைப்பவரிடம் கொடுத்து மரத்துண்டு வைத்துத் தைத்துக்கொள்வோம்.

முட்டி விரலைத் தாண்டக் கூடாது என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கி வெள்ளி வாங்கிய மீராபாய் சானு, ஸ்னாட்ச்சில் பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் பிடித்து உட்காரும் காட்சியைப் பாருங்கள், முட்டி எங்கே இருக்கிறது என்று. 2003இல் வந்த ஓர் ஆய்வில், முட்டி முன்னால் போகாதபடி பலகையால் மறித்து ஸ்குவாட் போட வைத்தார்கள். முட்டிக்கு வந்த சுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, இடுப்புக்கு வந்தது ஏறத்தாழ பத்து மடங்கு கூடிவிட்டது. ஆழமாக இறங்கினால் முட்டியின் தசைநார் தளர்ந்துவிடும் என்று 1961இல் அமெரிக்காவில் ஒருவர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் சோதித்தபோது அது நிற்கவில்லை, ஆனால் பயம் மட்டும் நின்றுவிட்டது.

ஒரு சோதனை செய்யுங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் 10 சென்டிமீட்டர் இருந்தால் போதும். இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

இப்போதைக்குப் பார் வேண்டாம். குதிகாலுக்கு அடியில் 2.5 கிலோ பிளேட் (பாரில் மாட்டும் எடைத்தட்டு) ஒவ்வொன்று வையுங்கள். பஞ்சு மாதிரி அமுங்கும் ஓட்ட ஷூவைக் கழற்றிவிடுங்கள். 10 கிலோ டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடித்து, பாதம் தோள் அகலம், விரல்கள் கொஞ்சம் வெளிப்பக்கம், முட்டி விரல் காட்டும் திசையிலேயே போகட்டும். பின்னால் உட்கார நினைக்காதீர்கள், இரண்டு காலுக்கும் நடுவே இறங்குங்கள். இறங்குவதற்கு முன் வயிறு நிறைய மூச்சு இழுத்து, யாரோ குத்த வருகிறார்கள் என்பது போல வயிற்றை இறுக்குங்கள். அடியில் இரண்டு விநாடி நின்று எழுங்கள். எட்டு முறை, மூன்று செட்.

அம்மாவைப் பார்த்து ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். அவர் குந்தும்போது பின்தொடை கெண்டைச்சதையில் சாய்ந்துவிடும், முதுகு வில்லாக வளைந்து உடம்பே ஓய்வெடுக்கும். மீன் ஆய அது போதும். தோளில் பார் இருக்கும்போது அடியில் போய் அப்படித் தளர்ந்தால் கீழ்முதுகு வாங்கிக் கட்டிக்கொள்ளும். போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். எந்த இடத்தில் இடுப்பு உள்ளே சுருளுகிறதோ அதற்கு ஓர் அங்குலம் மேலேதான் இப்போதைக்கு உங்கள் ஆழம்.

பலாச்சுளை (பண்ருட்டி):

வீட்டுக்கு வீடு வெஸ்டர்ன் டாய்லெட் வந்ததுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

பாண்டி சைக்கிள்:

அண்ணா, எனக்குக் கணுக்காலில் பிரச்சினையே இல்லை, ஆனாலும் ஒரு வருடம் ஆழம் வரவில்லை. அடியில் போனால் தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் முன்பக்கம் நறுக்கென்று கிள்ளும். இடுப்பை எப்படியெல்லாமோ இழுத்து நீட்டிப் பார்த்தேன். கடைசியில் பாதத்தை ஒவ்வொரு பக்கமும் ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி வைத்து, விரலை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பினேன். அன்றைக்கே போய்விட்டது. இடுப்புக் கிண்ணத்தின் எலும்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், பக்கத்தில் ஸ்குவாட் போடுகிறவர் கால் வைப்பதைப் பார்த்துக் காப்பியடித்தது என் தப்பு.

முதுநகர்க்காரன்:

பெண்ணின் ஸ்கேலை வாங்கி அளந்தேன். இடது 9, வலது 4! அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2011இல் ஆல்பேட்டை அருகே பைக் சறுக்கி வலது கணுக்கால் உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன். நடக்க ஒரு தொந்தரவும் இல்லாததால் அதை மறந்தே போய்விட்டேன். இது இனி சரியாகுமா அண்ணே?

பழைய இரும்பு:

முட்டியைச் சுவரை நோக்கித் தள்ளும்போது எங்கே பிடிக்கிறது? பின்னால் கெண்டைச்சதை இழுத்தால் நல்லது, அது வழிக்கு வரும். முட்டியை மடக்கியபடியே நீட்டுங்கள். காலை நேராக வைத்து நீட்டினால் மேல்சதைதான் நீளும், ஸ்குவாட்டில் தடுப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கீழ்ச்சதை. தினமும் இரண்டு நிமிடம். கணுக்காலின் முன்பக்கம் எலும்போடு எலும்பு முட்டுகிற மாதிரி இருந்தால் இழுத்துப் பயனில்லை, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். அப்படியே இருந்துவிட்டாலும் என்ன, ஆயுசுக்கும் குதிகால் உயர்ந்த ஷூவில் போடுங்கள், தவறே இல்லை. பலாச்சுளை சார், டாய்லெட் மேல் பழி போட்டீர்களே, இவரது இடது காலும் அதே டாய்லெட்டுக்குத்தானே போகிறது?

முதுநகர்க்காரன்:

ஏழு வாரம் ஆயிற்று. பின்னால்தான் இழுக்கிறது, நல்ல வேளை. வலது 4இலிருந்து 6. பிளேட் மேல் நின்று 40 கிலோ, இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே, ஐந்து முறை. வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். "கீழே போனவன் ஏன் உடனே எழுந்திருக்கிற? உட்காரத் தெரியலயா?" என்கிறார்.

பிளேட் ஒவ்வொரு முறையும் நழுவுகிறது. அந்த ஷூ பாண்டியில் எந்தப் பக்கம் கிடைக்கும்? எனக்கு 10ஆம் நம்பர்.