மகள் நாகர்கோவிலில், நாங்கள் பாலக்கோட்டில்

வணக்கம். மகள் நாகர்கோவிலில் பொறியியல் முதலாண்டு சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தர்மபுரியில் ரயிலேற்றி விட்டு வந்த பிறகும் வீட்டில் களி கிண்டினால் மூன்று உருண்டைதான். மூன்றாவது, மறுநாள் காலை மோரில் கரைந்து என் வயிற்றுக்குப் போகிறது. மனைவியைச் சொல்வானேன், தக்காளி மண்டியில் நிற்கும்போதும் நான் போனையேதான் பார்க்கிறேன். மகளோ "சாப்பிட்டேன்பா, தூங்கப்போறேன்" என்று வைத்துவிடுகிறாள்.

தினமும் கூப்பிடுவது அவளுக்குத் தொல்லையா? அவளே பேசட்டும் என்று விட்டுவிடலாமா? பிள்ளைகளை இவ்வளவு தூரம் அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், தீபாவளிக்கு ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. தர்மபுரி வழியாக வரும் நாகர்கோவில்–பெங்களூரு ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் மதுரை, சேலம் என்று பஸ் மாறித் தனியாக வரச் சொல்லலாமா, இல்லை நானே போய்க் கூட்டி வருவதா?