ஃபைட்டர் தொட்டி: வாராவாரம் கழுவியும் தண்ணி கலங்குது, அவசரம்

மடிப்பாக்கம்_அம்மா:
நீலக் கலர் ஃபைட்டர் மீன், பேரு துரை. வாங்கி ஒரு மாசம் கூட ஆகல. ஞாயித்துக்கிழமை சுத்தமா கழுவி வெச்சா செவ்வாய்க்கிழமைக்குள்ள அரிசி கழுவின தண்ணி மாதிரி ஆயிடுது. இப்ப ரெண்டு நாளா அடியிலயே படுத்திருக்கான். சாப்பாடு போட்டா வாய்ல வாங்கி துப்பிடறான். வால் ஓரம் கிழிஞ்ச மாதிரி இருக்கு. என்ன மருந்து ஊத்தணும்? பையன் அழறான், சீக்கிரம் சொல்லுங்க.

கொளத்தூர்வாசி:
தொட்டி எத்தன லிட்டர்? ஃபில்டர் இருக்கா? மெட்ரோ தண்ணியா, போரா, லாரியா, கேனா? கழுவறீங்கன்னா எத எத கழுவறீங்க? இதெல்லாம் சொல்லாம மருந்து கேட்டா எப்படி மேடம்.

ராத்திரிப்பறவை:
கொசு லிக்விட் மிஷின் அந்த ரூம்ல இருக்கா? முதல்ல அத சொல்லுங்க. அந்த மருந்து மீனுக்கு விஷம். ஃபைட்டர் மேல வந்து காத்த குடிக்கற மீன் வேற.

நெல்லை_அக்கா:
வாதாமரத்து இலை காஞ்சது ஒண்ணு போடுங்க கண்ணு. பச்சை இலை வேண்டாம், தானா உதிர்ந்து பழுப்பா கெடக்குமே அது. கழுவிட்டுப் போடணும். ரெண்டு நாள்ல தண்ணி டீ கலர் ஆகும், பயப்படாதீங்க. அந்தக் கறை வால் அழுகலுக்கு நல்லது. நாங்க பள்ளிக்கூட மைதானத்துல பொறுக்கிட்டு வருவோம்.

தொட்டிச்சித்தர்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பழைய இழைகளை ஐந்து நிமிடம் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. மீன் வாங்குவதற்கு முன் நைட்ரஜன் சுழற்சி பற்றிப் படித்திருந்தால் அந்த மீன் இந்த நிலைக்கு வந்திருக்காது.

கொளத்தூர்வாசி:
சித்தரே, மீன் படுத்துக் கெடக்கு. திட்டறத அப்புறம் வெச்சுக்கலாம்.

மடிப்பாக்கம்_அம்மா:
உருண்டை பவுல், 5 லிட்டர் இருக்கும். ஃபில்டர் இல்ல, ஃபைட்டருக்கு தேவையில்லன்னு கடைல சொன்னாங்க. முழுத் தண்ணியும் கொட்டிட்டு, கல்ல வெந்நீர்ல போட்டு எடுத்து, பவுல பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு நல்லா தேய்ப்பேன். குழாத் தண்ணி. சுத்தமாதான் வெச்சிருக்கேன்!

கொளத்தூர்வாசி:
அங்கதான் பிரச்சனையே. நீங்க சுத்தத்த அதிகமா பண்றீங்க.

மீன் கழிவு, மிஞ்சின தீனி ரெண்டும் அம்மோனியா ஆகும். அத ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அளவா இருந்தா மீன் தாங்கும், மத்த ரெண்டும் கொல்லும். அந்த பாக்டீரியா கல்லுலயும் கண்ணாடிலயும் ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும்தான் ஒட்டி வாழும். அது செட் ஆகவே 4, 6 வாரம் ஆகும். நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வெந்நீர் ஊத்தி கொன்னுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கறீங்க. வெள்ளையா கலங்கறது வேற பாக்டீரியா, புதுத் தொட்டில வர்றதுதான். பாக்க அசிங்கமா இருக்கும், அவ்ளோதான். துரைய படுக்க வெச்சது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா.

இன்னிக்கு 30 சதவீதம் மட்டும் மாத்துங்க. நாளைக்கும் அதே. ஒரு வாரம் தொடர்ந்து. புதுத் தண்ணி தொட்டித் தண்ணி சூட்டுலயே இருக்கணும். மெட்ரோ தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் பக்கெட்ல திறந்து வெச்சது, இல்லன்னா ஆன்டி குளோரின் சொட்டு. கல்லத் தொடாதீங்க. சோப்பு பவுல் பக்கமே வரக்கூடாது. மருந்து எதுவும் இப்ப வேண்டாம்.

சிறுவாணிப்பிள்ளை:
குளோரின் குளோரின்னு பயமுறுத்தாதீங்க. நான் கோயமுத்தூர்ல குழாத் தண்ணிய அப்படியே ஊத்தறேன். மூணு ஃபைட்டர், ஒண்ணும் ஆகல. தண்ணி நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்கும்ங்க.

தொட்டிச்சித்தர்:
சிறுவாணி மென்னீர் என்பதற்காகக் குளோரின் போடாமல் அனுப்புவதில்லை. உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அளவு குறைந்திருக்கலாம். அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டாம்.

சிறுவாணிப்பிள்ளை:
பெருமை இல்லீங்க, இருக்கறத சொன்னேன். சென்னை போர் தண்ணில சோப்பே நுரைக்காது, அதுல மீன் எப்படி வாழும்?

கொளத்தூர்வாசி:
வாழும். அந்தப் பக்கத்துப் பண்ணைங்க நிறைய வருஷமா மீன் வளர்த்து ஊரெல்லாம் அனுப்பறாங்க, சிறுவாணியா கொண்டு வந்து ஊத்தறாங்க? ஆனா பிஎச், அதாவது தண்ணியோட காரத்தன்மை, ஏற ஏற அம்மோனியாவோட விஷம் கூடும், அது நிஜம். உப்புத் தண்ணிக்காரங்க அதுல இன்னும் உஷாரா இருக்கணும்.

ஜாடிமீன்:
5 லிட்டர் தாராளம். தாய்லாந்துல வயல்ல முழங்கால் அளவு தண்ணிலதான் இது வாழுது. நான் பாட்டில்லயே வெச்சிருக்கேன்.

நெல்லை_அக்கா:
ஆழம்தான் தம்பி முழங்கால். வயல் எம்புட்டு அகலம்னு பாத்தியா? 2019ல தாய்லாந்துக்காரங்க இத தேசிய நீர்வாழ் உயிரினம்னே அறிவிச்சுட்டாங்க. நீ ஊறுகா பாட்டில்ல போட்டு வெச்சிருக்க.

ஜாடிமீன்:
ஊறுகா பாட்டில் இல்ல அக்கா, ஹார்டுவேர் கடைல வாங்கின பெரிய ஜாடி.

ராத்திரிப்பறவை:
கொசு மிஷின் எங்க இருக்குன்னு இன்னும் பதில் வரல.

கொளத்தூர்வாசி:
முடிஞ்சா 20 லிட்டர் தொட்டிக்கு மாறுங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர், காத்து மெதுவா. வேகமா ஓடற தண்ணில அந்த வால இழுத்துக்கிட்டு அவனால நீந்த முடியாது. ஸ்பாஞ்ச கூட குழாய்ல அலசாதீங்க, வெளிய எடுத்த தொட்டித் தண்ணிலயே பிழிஞ்சா போதும். ஓடிக்கிட்டிருக்கற தொட்டில இருந்து பழைய ஸ்பாஞ்ச் துண்டு யார்கிட்டயாவது கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் தீனி எவ்ளோ போடறீங்க?

மடிப்பாக்கம்_அம்மா:
பையன்தான் போடுவான். டப்பா மூடில ஒரு மூடி.

தொட்டிச்சித்தர்:
ஒரு மூடியா?!

கொளத்தூர்வாசி:
அவன் வயிறு அவன் கண்ணு அளவுதான் மேடம். காலைல மூணு உருண்டை, சாயந்தரம் மூணு. இன்னிக்கும் நாளைக்கும் ஒண்ணுமே வேண்டாம், பட்டினில ஒண்ணும் ஆகாது. அடில மிஞ்சினத எடுத்துடுங்க. சின்ன டியூப்ப வெச்சு உறிஞ்சினா கலங்காம வரும்.

(நாலு நாள் கழிச்சு)

நெல்லை_அக்கா:
துரை எப்படி இருக்கான்னு சொல்லும்மா.

ராத்திரிப்பறவை:
கொசு மிஷின்?

மடிப்பாக்கம்_அம்மா:
மன்னிச்சுக்கோங்க, பையனுக்கு பரீட்சை. தினமும் 30 சதவீதம் மாத்தறேன். நேத்து மேல வந்து ரெண்டு உருண்டை சாப்பிட்டான். வால் அப்படியேதான் இருக்கு. கொசு மிஷின் பவுலுக்குப் பின்னாடி ப்ளக்லதான் இருந்துச்சு, எடுத்துட்டேன். எல்லாருக்கும் நன்றி.

ராத்திரிப்பறவை:
முதல் நாளே சொன்னேன்.

தொட்டிச்சித்தர்:
மிஷினை எடுத்ததால் சரியானதா, தண்ணீர் மாற்றியதாலா, தீனியை நிறுத்தியதாலா என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள்.

நெல்லை_அக்கா:
இலை போட்டியாம்மா?

மடிப்பாக்கம்_அம்மா:
போட்டேன் அக்கா, ஃப்ரெண்டு வீட்டு மரத்துது. நீங்க சொன்ன மாதிரி டீ கலர் வந்துச்சு. இன்னிக்கு காலைல மாமியார் பாத்துட்டு தண்ணி கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டு, கல்லெல்லாம் பளபளன்னு தேய்ச்சு வெச்சிருக்காங்க.

கொளத்தூர்வாசி:
எந்தத் தண்ணி ஊத்தினாங்க?